முன் சக்கரத்துப் பிரேக்

செம்மொழிக்குக் கோபம் வந்தால் முதலில் சுத்தியலைக் கீழே வைப்பாள். அப்புறம் கையுறையைக் கழற்றுவாள். பட்டறைக்கு வந்து போகிறவர்களுக்கு இது தெரியும். அவள் கையுறையைக் கழற்றுகிறாள் என்றால், சொல்ல வந்ததை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள்.

பட்டறை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில், வெண்ணாற்றுப் பாலம் தாண்டி, ஓர் உரக்கடைக்கும் சிமென்ட் கல் வார்க்கிற இடத்துக்கும் நடுவில் இருந்தது. தகரக் கொட்டகைதான். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களை எதிர்க்கடைக்குக் கைகாட்டி அனுப்பிவிடுவாள். அவள் செய்தது வேறு வேலை. பழைய மோட்டார் சைக்கிளை எலும்பு வரைக்கும் பிரித்துப் போட்டு, சட்டத்தை அறுத்துத் தாழ்த்தி, தகட்டைக் கையால் தட்டிப் புது டேங்க் செய்து, இன்னொருவரிடம் இருக்கவே முடியாத ஒரு வண்டியாக அதை எழுப்பித் தருவாள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடமே "மெக்கானிக் இல்லையா?" என்று கேட்டார்கள்.

அவளுடைய அப்பா மருதையன் ஒரு மிராசுதார் வீட்டில் டிராக்டர் ஓட்டினார். சனிக்கிழமைதோறும் அந்த வீட்டு புல்லட்டைப் பின்புறத்து வாய்க்கால் மதகுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து கழுவுவதும் அவர் வேலை. செம்மொழிக்குப் பத்து வயதிருக்கும்போது, கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்த அந்த வண்டியின் டேங்கில் கை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் அந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தாள். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "மருதையா, அத இன்னொரு தடவ கழுவிடு" என்றாள். மருதையன் இன்னொரு தடவை கழுவினார். செம்மொழி முதன்முதலாக ஒரு வண்டிமேல் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். உடம்பெல்லாம் நடுங்குகிற மாதிரிக் கோபப்பட்டதும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவளால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு கேட்டபோது, "தையல்ல இடம் இருக்கேம்மா" என்றார்கள். "எனக்குத் தைக்க வராது சார்" என்றாள். அந்த வருஷம் வெல்டர் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு மன்னார்குடியில் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கிற ஷெட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே கிடந்த ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ரேஸ் வண்டியாக மாற்றினாள். அறுவடை முடிந்து காய்ந்த வயலில் மண் மேடு போட்டு ரேஸ் நடத்துவார்கள். இருபத்திரண்டு ஆண்களோடு அவளும் ஓட்டி இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவன் நேராக அவளிடம் வந்து, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்றான். பட்டறை அப்படித்தான் தொடங்கியது. தம்பி தமிழ்மாறன் படிப்பை முடித்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டான். அவளுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது, அவனுக்கு இருபத்தொன்பது.

பிரபு வந்தது போன பொங்கலுக்கு அடுத்த வாரம். கரையோர ஊர் ஒன்றில் நிலம் நீச்சென்று வசதியான குடும்பம். தாத்தா காலத்து புல்லட் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவளைவிட எட்டு வயது சின்னவன். வந்த முதல் நிமிஷத்திலிருந்து "செம்மொழி, இங்க பாரு" என்றுதான் பேசினான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வண்டி அவளை இழுத்தது. ஒற்றை இருக்கை, தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, அரைவட்டமாக வெட்டிய மட்கார்டு என்று அவன் கேட்டது எல்லாம் அவள் பல வருஷமாக மனதுக்குள் வரைந்து வைத்திருந்த வண்டி.

ஐந்து மாதம் வேலை நடந்தது. டேங்குக்கு மட்டும் நாற்பது நாள். மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, நீர்த்துளி விழப்போகிற நேரத்தில் இருக்குமே, அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். வண்ணம் அடித்தது, குறுவைக்கு நாற்று விட்ட வயல் காலையில் இருக்கிற பச்சை. பாதையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எடுத்துப்போகிற நாளுக்கு முந்தின வாரம் பிரபு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டு வண்டி. முன் சக்கரத்தில் கம்பிகளும் டயரும் தவிர ஒன்றுமே இல்லை.

"இந்த மாதிரி வேணும். அந்த டிஸ்க், அந்த ஒயரு எல்லாம் எடுத்துடு. லுக்கையே கெடுக்குது."

"அது பிரேக்குங்க."

"பின்னாடி ஒண்ணு இருக்குல்ல?"

"வேகத்துல வண்டிய நிறுத்துறதே முன் பிரேக்குதான். பின்னாடி மட்டும் புடிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு இழுத்துட்டுப் போயிடும்."

"ஓட்டப்போறது நான்தானே? ஷோவுல நிறுத்தத்தான் கேக்கறேன்."

செம்மொழி சுத்தியலைக் கீழே வைத்தாள். "ஷோவுல நிறுத்தறதுக்கு எதுக்கு இன்ஜின்? அதையும் எடுத்துடட்டா? பிரேக் இல்லாத வண்டி இந்த வாசல்படி தாண்டாது. வேணாம்னா உங்க தாத்தா புல்லட்ட பழையபடி மாட்டித் தந்துடறேன்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டுப் போனான். அடுத்த வாரம் முன் பிரேக்கோடுதான் வண்டி போனது. அவளே பாலம் வரை ஓட்டிப் பார்த்து, நாலு தடவை அழுத்தி நிறுத்திப் பார்த்து, அப்புறம்தான் சாவியைக் கொடுத்தாள்.

ஆனி மாதக் கடைசியில், நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பச்சை வண்டி ஆற்றங்கரைச் சாலையில், நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதிவிட்டது. பெயர் காத்தாயி, ஐம்பத்து மூன்று வயது, நடவு வேலைக்குப் போகிறவர். கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிரபுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

"நீதானம்மா அந்த வண்டிய செஞ்சது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "வெல்டிங் விட்டுப்போயி வண்டி கட்டுக்கு அடங்காமப் போச்சுன்னு பிரபு வீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. வந்துட்டுப் போ."

வெல்டிங் விட்டுப்போச்சு. அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டே செம்மொழி ஸ்கூட்டரை ஓட்டிப் போனாள். பதினான்கு வருஷத்தில் அவள் வைத்த ஒரு பற்றுகூட விட்டுப்போனதில்லை. மூன்று டன் அறுவடை இயந்திரம் அவள் பற்றுப்போட்ட அச்சில் இன்னும் சேற்றில் உழன்றுகொண்டிருக்கிறது.

நிலையத்தின் பின்புறம், புங்கமரத்தடியில் வண்டி சாய்ந்து கிடந்தது. செம்மொழி மண்டியிட்டு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள். கழுத்து, முதுகு, என்ஜின் தாங்கி, பின் சக்கரத்தைப் பிடிக்கிற கவை. ஒன்றும் அசையவில்லை. "எங்க சார் விட்டிருக்கு? காட்டுங்க பாப்போம்" என்று திரும்பியவள் அப்போதுதான் முன் சக்கரத்தைப் பார்த்தாள்.

கம்பிகளும் டயரும் மட்டும் இருந்தன. டிஸ்க் இல்லை. பிரேக் பிடிமானத்தைத் தாங்குவதற்காக முன் கவையில் இருந்த இரண்டு காதுகளும் இழைத்து எடுக்கப்பட்டு, அந்த இடம் பளபளவென்று மெருகேற்றப்பட்டிருந்தது. சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்த கோடு நாற்பது அடிக்குமேல் இருந்ததாகக் கான்ஸ்டபிள் சொன்னார்.

மெருகுக்கு அடியில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. கிரைண்டர் பிடித்தவனின் கை போன திசையில் விழும் கீறல்கள். வலது கைக்காரர்கள் இழைத்தால் ஒரு பக்கம் சாயும். இவை மறுபக்கம் சாய்ந்திருந்தன. தஞ்சாவூர் வட்டாரத்தில் இடது கையால் கிரைண்டர் பிடித்து இவ்வளவு சுத்தமாக இழைக்கிறவன் ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கிரைண்டரைப் பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

எழுந்தாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் கைகள் திணறின. "நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பட்டறையில் தமிழ்மாறன் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கம்ப்ரஸரை அணைத்தாள்.

"முன் பிரேக்க எப்ப அறுத்த?"

அவன் செயினைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. "நீ கோயம்புத்தூருக்குத் தகடு எடுக்கப் போனப்ப. ரெண்டு நாள்."

"எதுக்குடா?"

"பிரபு வண்டிய திரும்பக் கொண்டாந்து கேட்டாரு. உங்கக்காவுக்கு தைரியம் இல்ல, உன்னால முடியும்னாரு. கோவாவுல பைக் ஷோ நடக்குது, வண்டி செஞ்ச பில்டர்னு உன் பேரப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னாரு." அவன் குரல் உயர்ந்தது. "எட்டு வருஷமா உன்கூட இருக்கேன். ஒரு வண்டியிலயாச்சும் என் பேரு இருக்கா? செம்மொழி செஞ்ச வண்டி, செம்மொழி செஞ்ச வண்டின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் யாரு இங்க?"

அது உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

"பேரு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கணும். சண்டை போட்டிருக்கணும். இப்ப எழுதிட்டல்ல உன் பேர? ஒரு பொம்பள கால்ல எழுதிட்ட!"

தமிழ்மாறன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் சமாதானம் சொல்லவில்லை. "எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

எலும்பு முறிவு வார்டில் காத்தாயியின் காலை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நகக்கண்ணில் வயல் சேறு இன்னும் போகவில்லை. பக்கத்தில் மருமகள் விசிறிக்கொண்டிருந்தாள். செம்மொழி தன் பெயரைச் சொன்னாள். அந்த வண்டியைச் செய்தவள் என்றும் சொன்னாள். மருமகள் விசிறியை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

காத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப்புள்ளயா செஞ்ச?"

"ஆமாங்க."

"தூரத்துலயே பாத்துட்டேன் அத. நாத்து நெறத்துல, வெயில் பட்டு மின்னிக்கிட்டு வந்துச்சு. இப்படி ஒரு வண்டியான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேன். இல்லாட்டி அந்நேரம் ரோட்ட தாண்டியிருப்பேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாற்பது நாள் தட்டிய தகடு. தமிழ்மாறன் முன்னால் வந்தான். "நான்தான் அம்மா பிரேக்க..." என்று தொடங்கினான். மருமகள் குறுக்கிட்டாள்: "இத இங்க வந்து சொல்லி என்ன ஆகப்போவுது? சொல்ற எடத்துல சொல்லுவீங்களா?"

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஒரு கார் நின்றது. பிரபுவின் அப்பா. வெள்ளை வேட்டி, அளந்த பேச்சு. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"பையன் தெரியாமப் பண்ணிட்டான். நீயும் பொழைக்கணும், நாங்களும் நாலு பேரு முன்னாடி நடக்கணும். வெல்டிங் விட்டுப்போச்சுன்னு ஒத்துக்க. உன்மேல பெருசா எதுவும் வராம நான் பாத்துக்கறேன். அந்தம்மாவயும் பாத்துக்கறோம். உன் தம்பி பேரும் வெளிய வராது."

செம்மொழி கையுறையைக் கழற்றினாள்.

"என் வெல்டிங் விட்டுப்போகல."

"அது கெடக்குது, இப்ப ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கும் விட்டுப்போகல. உங்க பையன் பிரேக்க எடுக்கச் சொன்னான். நான் மாட்டேன்னேன். என் தம்பி எடுத்தான். நடந்தது அதுதான். அதத்தான் எழுதிக் குடுப்பேன்."

அவர் எழுந்தார். முகத்திலிருந்த மரியாதை கழன்று விழுந்தது. "உங்கப்பன் எங்க பங்காளி வீட்டுல வேல பாத்தவன். அத மறந்துட்டுப் பேசாத."

"டிராக்டர் ஓட்டுனவரு. 'ஓட்டுனவரு'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு காரை எடுங்க."

அவள் கத்தவே இல்லை. ஆனால் உரக்கடைக்காரர் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். கார் போனபிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள்.

மத்தியானம் அப்பா மருதையனே வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "தம்பி சிங்கப்பூர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். கேஸுன்னு வந்தா எல்லாம் போச்சு. காட்டிக் குடுக்காதம்மா. பெரிய எடத்து வெவகாரம். நம்ம சனத்துக்கு எவன் வந்து நிக்கப்போறான்?"

"காத்தாயி எந்த சனம்ப்பா?"

மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே தரையைப் பார்த்தார்.

"ஒரு தடவ கழுவுனத இன்னொரு தடவ கழுவச் சொன்னாங்க, கழுவுனீங்க. நான் உங்களக் குத்தம் சொல்லல. ஆனா என்னால முடியாதுப்பா."

தமிழ்மாறன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். செம்மொழி அவன் பக்கம் திரும்பினாள். "நீ வரலன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். நீ வந்து சொன்னா, அது நீ சொன்னதா இருக்கும். உன் இஷ்டம்."

ஸ்கூட்டரைக் கிளப்பியபோது பின்னால் அவன் ஏறி உட்கார்ந்தான். நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர், "நல்லா யோசிச்சியாம்மா? ஆர்.சி.யில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்துனதே குத்தம். நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

"மாத்துனேன். அதையும் எழுதிக்குங்க."

தமிழ்மாறன் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினான், இடது கையால், மூன்று பக்கம். பிரபு அனுப்பிய செய்திகள் அவன் செல்போனில் இருந்தன. அதையும் கொடுத்தான்.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, இணைப்புகள் எல்லாம் உறுதியாக இருப்பதாகவும் முன் பிரேக் அகற்றப்பட்டிருப்பதாகவும் அறிக்கை தந்தார். பிரபுமேல் வழக்கு பதிவானது. தமிழ்மாறன்மேலும் பதிவானது. சிங்கப்பூர் நின்றுபோனது. செம்மொழிக்கு அபராதம் வந்தது, சாலை வண்டிகளை மாற்றக்கூடாது என்று நோட்டீசும் வந்தது. பட்டறையில் பாதியில் நின்ற ஆறு வண்டிகளை உரியவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஒரு சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவன் மட்டும், "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேங்க" என்றான். அவன் வண்டியை அவளே தள்ளி வாசலுக்கு வெளியே விட்டாள்.

அந்தக் கார்த்திகை வரை அவள் உடைந்த பவர் டில்லரைப் பற்றவைத்தும், அறுவடை இயந்திரத்துக்குக் கத்தி அடித்தும் காலம் தள்ளினாள். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து உபைதுல்லா என்ற ரேஸ்காரர் வந்தார். சாலைக்கே வராத, மண் தளத்தில் மட்டும் ஓடுகிற வண்டி வேண்டும் என்றார். அவள் சட்டத்தை அறுக்கத் தொடங்கியதும் பழைய ஆசை கைக்குள் மறுபடி ஊறியது. அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு பெண்ணை நடுரோட்டில் நிற்கவைத்த அதே ஆசைதானே என்று தோன்றும். ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த வண்டியின் கழுத்தில் இரண்டு பெயர்களைப் பொறித்தாள். தமிழ்மாறன் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தான். இன்றைக்கும் வேலையைப் பற்றித் தவிர அவனோடு அவள் பேசுவதில்லை.

காத்தாயி ஆவணியிலேயே வீடு திரும்பியிருந்தார். கம்பு ஊன்றி நடக்கிறார். குனிந்து நட முடியாது. மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று செய்து தருகிறேன் என்று செம்மொழி போய் நின்றபோது, "வண்டி கிண்டி ஒண்ணும் வேணாம்" என்று வெட்டிவிட்டார். "நீ ஒவ்வொரு வாய்தாவுக்கும் வா. நான் மட்டும் போயி நின்னா அங்க யாரும் ஏறிட்டே பாக்கறதில்ல."

அவளும் போகிறாள். தமிழ்மாறனும் போகிறான், அவனுக்கு அது கட்டாயம். மூன்றாவது வாய்தாவிலும் பிரபுவின் வக்கீல் வேறு தேதி கேட்டார். கொடுத்தார்கள். கோர்ட் படியிறங்கும்போது பிரபு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான். செம்மொழி அவனைக் கடக்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவன்தான் முதலில் வேறு பக்கம் திரும்பினான்.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் முண்டியது. தமிழ்மாறன் காத்தாயியின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறி, மேலிருந்து கையை நீட்டினான். காத்தாயி கம்பைப் படியில் ஊன்றி நல்ல காலைத் தூக்கி வைத்தார். மற்றக் காலைத் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி உறுமி அசைந்தது.

செம்மொழி உள்ளங்கையால் பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டில் ஓங்கி அறைந்தாள். நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

"ஏறி முடிக்கிற வரைக்கும் நிறுத்துங்கய்யா!"

பேருந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். காத்தாயி அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக, ஏறினார்.